இணைப்பு மாதிரிகளில் குறிப்புகளின் தெரிநிலை: ரெவிட் மென்பொருள் மீது ஒரு விமர்சனம்

ரெவிட் என்பது கட்டட வடிவமைப்புக்கான மென்பொருள். இதன் முதல் பதிப்பு 2000-ல் வெளியானது. 2002-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் இதை வாங்கியது. பெரிய கட்டடம் எதையும் இதில் ஒரே கோப்பாக வரைவது அரிது. கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், குழாய்ப் பொறியாளர் ஆகியோர் தனித்தனி மாதிரிகளைச் செய்வர். பிறகு ஒருவரது கோப்பில் மற்றவரது கோப்பை இணைத்துப் பார்ப்பர். இணைக்கப்படும் கோப்பு 'லிங்க்' எனவும், அதை ஏற்கும் கோப்பு 'ஹோஸ்ட்' எனவும் அழைக்கப்படும். இவ்வாறு இணைக்கும்போது சுவர், தூண், குழாய் எல்லாம் வந்துசேர்கின்றன. அவற்றின் மேல் எழுதப்பட்ட குறிப்புகள் அவ்வாறு வருவதில்லை.

இயங்கும் முறை

ரெவிட்டில் சுவரும் தூணும் மாதிரிக்குச் சொந்தமானவை. எல்லாக் காட்சிகளிலும் அவை உண்டு. அளவுக்கோடு, டேக், உரைக்குறிப்பு ஆகியவை காட்சிக்குச் சொந்தமானவை. எந்தத் தளவரைபடத்தில் எழுதப்பட்டனவோ அதில் மட்டுமே இருக்கும். கிரிட், லெவல் ஆகியவை குறிப்புப் பட்டியலில் வந்தாலும் மாதிரி முழுவதற்கும் உரியவை. ஆகவே அவை இணைப்பில் எளிதாகத் தெரியும். பெரும்பாலும் இரண்டு கிரிட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எரிச்சலூட்டும் அளவுக்குத் தெரியும்.

ஹோஸ்ட் கோப்பின் தெரிநிலைப் பெட்டியில் ரெவிட் லிங்க் பகுதிக்குச் சென்றால் மூன்று தேர்வுகள் உள்ளன. 'பை ஹோஸ்ட் வியூ' இயல்பான தேர்வு. இதில் இணைப்பின் உருவங்கள் ஹோஸ்ட் காட்சியின் விதிகளுக்கு அடங்கி நிற்கும். அங்கு எழுதிய உரை, டேக், அளவு எதுவும் வராது. 'பை லிங்க்டு வியூ' என்பதில் இணைப்புக் கோப்பின் ஒரு காட்சியைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்காட்சி தன் குறிப்புகளோடு வரும். கூடவே தன் வெட்டுயரம், கட்டம், நிறம் ஆகியவற்றையும் கொண்டுவரும். 'கஸ்டம்' இரண்டுக்கும் நடுவழி: காட்சியைத் தேர்ந்தபின் குறிப்பு வகைகளை ஒவ்வொன்றாக அணைக்கலாம்.

மாதனூர் வட்டாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

மாதனூர் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். 2019-ல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தின் நடுவே இருப்பது. இவ்வட்டாரத்தில் புதிதாகக் கட்டப்படும் தோல் பதனிடும் ஆலை ஒன்றை எண்ணிப் பார்த்தால் மேற்கண்ட தேர்வுகளின் கனம் புரியும்.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், இங்கு ஆலை என்றாலே கழிவுநீர் எங்கே போகிறது என்பதே முதல் கேள்வி. ஆலையின் ஈரப்பகுதியில் எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. தோலை ஊறவைத்த நீரில் உப்பு மிகுதி. அதைத் தனியே ஆவியாக்கும் பாத்திகளுக்கு அனுப்ப வேண்டும். சுண்ணாம்பு டிரம்மிலிருந்து வருவது சோடியம் சல்பைடு கலந்த காரநீர். குரோம் டிரம்மிலிருந்து வருவது அமிலத்தன்மை உடையது. குரோமியத்தை மீட்க அதையும் தனியே பிரிக்க வேண்டும். சல்பைடு நீரும் அமில நீரும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் வரும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆள் அங்கேயே விழுந்துவிடுவார்.

இம்மூன்று நீருக்கும் தளத்தில் வெட்டப்படும் வாய்க்கால்கள் ஒரே அகலம், ஒரே உருவம் கொண்டவையாக இருக்கக்கூடும். எது எந்த நீருக்கு என்பதைக் குழாய்ப் பொறியாளர் தன் காட்சியில் உரைக்குறிப்பாக எழுதிவைக்கிறார். கட்டடக்கலைஞர் அக்கோப்பை இணைக்கிறார். இயல்புத் தேர்வை மாற்றாவிட்டால் அவர் திரையில் தெரிவது பெயரில்லாத மூன்று இணைகோடுகள். டிரம் மேடையைச் சற்று நகர்த்தும்போது ஒரு வாய்க்காலை அடுத்ததோடு சேர்த்துவிடுவது அவருக்கு இயற்கையாகவே தோன்றும். மேஸ்திரி கையில் போவது அவரது தாள்தான்.

விமர்சனம்

இயல்புத் தேர்வுக்கு நியாயம் இல்லாமலில்லை. நான்கு குழுக்களின் அளவுக்கோடுகளும் ஒரே தாளில் விழுந்தால் யாராலும் படிக்க முடியாது. குறை மறைப்பதில் இல்லை, மறைத்ததைச் சொல்லாததில் இருக்கிறது. இணைப்பில் குறிப்புகள் இருந்தன, இங்கே காட்டப்படவில்லை என்பதற்கு அச்சாகும் தாளில் எந்த அடையாளமும் இல்லை. பழைய ஆட்டோகேட் முறையில் எக்ஸ்ரெஃப் கோப்பின் மாடல் ஸ்பேஸில் எழுதியதெல்லாம் அப்படியே வந்துவிடும். வேண்டாத லேயரை வரைபவர் அணைக்க வேண்டும். அங்கே தவறு நேர்ந்தால் தாள் குப்பையாகத் தெரியும், உடனே யாராவது திட்டுவார்கள். ரெவிட்டில் தவறு நேர்ந்தால் தாள் சுத்தமாகத் தெரியும்.

'பை லிங்க்டு வியூ' இதற்கு முழு மருந்து அல்ல. ஹோஸ்டின் தாள் இப்போது வேறொரு அலுவலகத்தின் காட்சியை நம்பி நிற்கிறது. அங்குள்ள வரைவாளர் தன் வசதிக்காக அக்காட்சியில் டேக்குகளை அணைத்தால், அடுத்தமுறை இணைப்பைப் புதுப்பிக்கும்போது இங்கும் அவை மறையும். இங்கே யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். 'கஸ்டம்' வழியிலும் வகை வகையாகத்தான் அணைக்கலாம்; எச்சரிக்கை உரையை வைத்துக்கொண்டு 'பார்க்க: தாள் 4' போன்ற உரையை மட்டும் நீக்க வழியில்லை. இரண்டும் மென்பொருளுக்கு ஒரே 'உரைக்குறிப்பு'தான். உயிர் காக்கும் வரிக்கும் அலங்கார வரிக்கும் வேறுபாடு காணாத இந்த வகைப்பாடே இங்கு அடிப்படைக் குறை.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். அவ்விபத்தை வரைபட மென்பொருளோடு தொடர்புபடுத்த முடியாது. ஆனால் ஒரு தொட்டியை எவ்வளவு உயரம் நிரப்பலாம் என்பதும் சுவரின் உருவத்தில் தெரியாத செய்திதான், எழுதிவைத்தால்தான் உண்டு.

மாற்று வழிகள்

இணைப்பை அனுப்பும் குழு, பகிர்வதற்கென்றே ஒரு காட்சியைத் தனிப்பெயரில் உருவாக்கி, அதைத் தன் அன்றாட வேலைக்குத் தொடாமல் வைத்திருக்கலாம். ஹோஸ்டில் காட்சி வார்ப்புருவில் அக்காட்சியையே பதித்துவிடலாம். பல அலுவலகங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன.

இதைவிட உறுதியானது செய்தியை உரையாக எழுதாமல் பொருளின் பண்பாகவே பதிவது. வாய்க்காலின் பண்புப் பட்டியலில் 'குரோம்' என்று இருந்தால், ஹோஸ்டில் இருப்பவர் இணைப்பிலுள்ள வாய்க்காலுக்குத் தானே டேக் போடலாம். ஃபில்டர் வைத்து நிறமும் கொடுக்கலாம். 'பை ஹோஸ்ட் வியூ'விலும் அந்நிறம் தெரியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. குழாய்ப் பொறியாளர் வாய்க்காலை அழித்துப் புதிதாக வரைந்தால், ஹோஸ்டில் போட்ட டேக் அநாதையாகும். 'ரீகன்சைல் ஹோஸ்டிங்' என்ற பட்டியலில் ரெவிட் அதைக் காட்டுகிறது. அப்பட்டியலைத் தேடித் திறந்தால்தான் தெரியும். தாளை அச்சிடும் முன் மென்பொருள் தானாக அதை முன்னால் கொண்டுவந்து வைப்பதில்லை.