தகவல் இல்லை

நாக் குழு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு எங்கள் துறைக்கு ஓர் எக்செல் கோப்பு வரும். ஐந்தாண்டுகளில் படித்து வெளியேறிய மாணவிகளின் பெயர்கள் இடப்பக்கம். வலப்பக்கம் வேலை, மேற்படிப்பு, சுயதொழில் என்று மூன்று கட்டங்கள். எதிலும் சேராதவர்களுக்கு நான்காவது கட்டம்: ‘தகவல் இல்லை’. கல்லூரி இணையதளத்தில் இந்த விவரங்களை முன்னாள் மாணவிகளே பதிவுசெய்ய வேண்டும். செய்யாதவர்களைத் தொலைபேசியில் பிடிப்பது எங்கள் வேலை.

கவிதை வாசித்துப் பழகியவள் என்பதால் இந்தப் படிவத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கத் தோன்றுகிறது. அது யாருக்காகப் பேசுகிறது? நாக் மதிப்பீட்டின் ஐந்தாவது அளவுகோல் ‘மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்’. படித்து முடித்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனார்கள் என்று அது கேட்கிறது. 2016 முதல் வெளியாகும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் இதற்கு மதிப்பெண் தருகிறது. ஆக, கேள்வி மாணவியைப் பற்றியது. பதிலால் வரும் பயன் கல்லூரிக்கு. வேலை கிடைத்தவளிடம் நியமன ஆணையின் நகலைக் கேட்டு வாங்குகிறோம். கிடைக்காதவளிடம் ‘உனக்கு என்ன உதவி வேண்டும்?’ என்று கேட்க எங்கள் கோப்பில் இடமில்லை.

சேர்க்கையின்போது தந்த தொலைபேசி எண் பெரும்பாலும் அப்பாவுடையது, இல்லையென்றால் அண்ணனுடையது. “அவளைக் கட்டிக்கொடுத்தாச்சு மேடம், இப்ப எதுக்கு?” என்பார்கள். இணையதளத்துக்குள் நுழைவதற்கான ஓடிபியும் அந்த எண்ணுக்கே போகும். தலைப்பெழுத்தோ இன்னொரு சிக்கல். பட்டத்தில் அப்பாவின் எழுத்து, திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவனின் எழுத்து. ‘இந்தப் பெயரில் மாணவர் இல்லை’ என்று சொல்லிவிடுகிறது திரை. இந்த அமைப்பு கற்பனை செய்திருக்கும் பட்டதாரிக்குச் சொந்தத் தொலைபேசி உண்டு, மாறாத பெயர் உண்டு. அந்தப் பட்டதாரி ஆண் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

நானும் இதற்கு உடந்தை. எம்.ஏ. தமிழில் நன்றாகப் படித்த ஒரு மாணவியை இப்படித்தான் தேடிப்பிடித்தேன். மாமியார் படுத்த படுக்கை, பி.எட். பாதியில் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். நான் ‘சுயதொழில்’ என்று பதிவுசெய்தேன். எங்கள் துறையின் விழுக்காடு கொஞ்சம் ஏறியது. சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து அவளே கூப்பிட்டாள். “மேடம், அந்த லிஸ்ட்ல என் பேரைச் சேர்த்தா வேலை ஏதாவது வருமா?”

என்னிடம் பதில் இல்லை. அவள் இழந்ததைக் கல்லூரியின் சாதனைக் கணக்கில் எழுதியிருந்தேன்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92 என்று ஒரு குறியீடு உண்டு. அதோடு விறகு பொறுக்கல், வீட்டுக்காகத் துணி தைத்தல் போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இருவரையும் உழைப்பாளர் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது பெண்ணியப் பொருளியலாளர்களின் நெடுநாள் விமர்சனம். ஆனாலும் அங்கே அவளுக்கு ஓர் எண்ணாவது இருக்கிறது. எங்கள் கோப்பில் அதே பெண் வெறும் ‘தகவல் இல்லை’. தகவல் இல்லாமலா? எல்லாத் துறைகளிலும் அந்தக் கட்டத்தில் கிடக்கும் பெயர்களைச் சேர்த்து வாசித்தால், பெண்கள் படித்த படிப்பு எங்கே போய் நிற்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆவணம் வேறில்லை.

அகப்பாடல்களில் உடன்போக்கில் போன மகளைத் தேடிச் செவிலி பாலை வழியில் நடப்பாள். எதிர்ப்படுவோரிடமெல்லாம் விசாரிப்பாள். அந்தத் தேடலில் மகளின் நலம் பற்றிய பதைப்பு இருக்கும். எங்கள் தேடலில் இருப்பது கோப்பு அனுப்ப வேண்டிய கடைசித் தேதி.

‘திருமணமானவர்’ என்று இன்னொரு கட்டம் சேர்ப்பது தீர்வாகாது. வீடும் தெருவும் ஏற்கெனவே அவளைக் கண்காணிக்கின்றன. கல்லூரியும் அதில் சேர வேண்டாம். முதலாண்டிலேயே அவளுக்கென்று ஒரு மின்னஞ்சலைத் தொடங்கிக் கொடுப்போம். தலைப்பெழுத்தைக் கேட்காமல், பதிவெண்ணைக் கொண்டே அவள் உள்ளே நுழைய வழி செய்வோம். தன் விவரத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்பதை அவளே முடிவுசெய்யட்டும். வேலைவாய்ப்பு முகாம் இறுதியாண்டோடு முடிந்துவிடாமல், ஐந்து வருடம் கழித்து வருபவளுக்கும் திறந்திருக்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை அவளுக்கு நினைவூட்டும் ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பலாம்.

இந்த முறை அவள் பெயருக்கு எதிரே ‘வேலை தேடுகிறார்’ என்று எழுதினேன். அப்படியொரு கட்டம் இல்லை, திருத்தி அனுப்புங்கள் என்று கோப்பு திரும்பி வந்திருக்கிறது. நான் இன்னும் திருத்தவில்லை.