தலையின்மேல் யாருக்கு அதிகாரம்?

"ஜெபம் செய்வோம்" என்ற குரல் கேட்டதும் பெண்கள் பக்கத்து வரிசைகளில் சேலை முந்தானைகளும் துப்பட்டாக்களும் தலைக்கு ஏறும். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. மறந்துபோன பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் யாராவது ஒரு அக்கா சாடை காட்டுவார். ஏன் என்று கேட்டால், வேதத்தில் எழுதியிருக்கிறது என்பார்கள். எழுதியிருப்பது என்ன என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறேன்.

ஆதாரமாகக் காட்டப்படுவது, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரம், 2 முதல் 16 வரையிலான வசனங்கள். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முக்காடு என்ற சொல் இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. கிரேக்க மூலம் அப்படி இல்லை. 6ஆம் வசனத்தில் இருப்பது மூடிக்கொள்வதைக் குறிக்கும் வினைச்சொல். 15ஆம் வசனம் கூந்தலைப் பற்றிப் பேசும்போது, சுற்றிப் போர்த்தும் ஆடைக்கான வேறொரு சொல்லைப் பயன்படுத்துகிறது. 10ஆம் வசனத்திலோ துணியே கிடையாது. அங்கே இருக்கும் சொல் 'எக்ஸூசியா'. அதற்கு அதிகாரம், உரிமை என்று பொருள். தலையின்மேல் பெண்ணுக்கு அதிகாரம் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வாக்கியம்.

இதே நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர்களின் உரிமையைப் பவுல் பேசுகிறார். அங்கே இதே கிரேக்கச் சொல் தமிழில் 'அதிகாரம்' என்றே வந்திருக்கிறது. சுவிசேஷங்களில் இயேசுவைப் பற்றி வரும்போதும் அப்படியே. பெண்ணின் தலைக்கு வந்தபோது மட்டும் அது முக்காடாகிவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமம் இங்கே அதிகாரம் என்று பொருள்படும் சொல்லை வைத்தது. 1952இல் வந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பு அதை முக்காடாக மாற்றியது.

இதற்காகப் பவுலைப் பெண்ணியவாதியாக்க வேண்டியதில்லை. அதே பகுதியில் ஆண் பெண்ணுக்குத் தலை என்றும், பெண் ஆணுக்காகப் படைக்கப்பட்டவள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பிறகு 11, 12ஆம் வசனங்களில் ஒருவரில்லாமல் மற்றவர் இல்லை என்று தாமே அதைத் தளர்த்துகிறார். அவருடைய வாதம் தடுமாறுகிறது. ஏன் தடுமாறுகிறது என்பது முக்கியமான கேள்வி. 5ஆம் வசனத்தைப் பாருங்கள்: கொரிந்துப் பெண்கள் சபையில் சத்தமாக ஜெபிக்கிறார்கள், தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். அதை இங்கே பவுல் தடுக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த பெண்களின் தலையைப் பற்றியதுதான் இந்த விவாதம். அன்டாய்னெட் கிளார்க் வயர் 1990இல் வெளியிட்ட நூலில், இந்த நிருபத்தின் வரிகளுக்குள்ளிருந்து அந்தப் பெண் தீர்க்கதரிசிகளை மீட்டெடுக்க முயன்றார். நம் சபைகளோ துணியை வைத்துக்கொண்டு, தீர்க்கதரிசனத்தை விட்டுவிட்டன.

பிரசங்கங்களில் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. கொரிந்தில் அப்ரோதித்தே கோயிலில் ஆயிரம் விலைமாதர் இருந்தார்களாம். அவர்களிடமிருந்து விசுவாசிப் பெண்களை வேறுபடுத்திக் காட்டவே முக்காடாம். ஸ்ட்ராபோ எழுதிய அந்த ஆயிரம் பேர், கி.மு. 146இல் ரோமர்கள் அழித்த பழைய கொரிந்தைச் சேர்ந்தவர்கள். பவுல் போனது அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், சீசர் மறுபடி நிறுவிய ரோமக் குடியேற்ற நகரத்துக்கு. ஆனாலும் இந்தக் கதை சாகாது. குடும்பப் பெண், மற்றவள் என்று பெண்களை இரண்டாகப் பிரிக்க அது உதவுகிறதே!

தமிழில் முக்காட்டுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. மழித்த தலை அவமானம், மூடிய தலை மரியாதை என்று பவுல் எதிரெதிராக வைக்கிறார். நம் ஊர்ப் பார்ப்பன விதவைக்கு இரண்டையும் சேர்த்தே விதித்தார்கள்: மொட்டையும் முக்காடும். எது மரியாதை, எது அவமானம் என்பதை வசனம் தீர்மானிப்பதில்லை, ஊர்தான் தீர்மானிக்கிறது.

ஆண்களுக்கான விதிகள் என்ன ஆயின? ஜெபிக்கும் ஆண் தலையை மூடக்கூடாது என்கிறது 4ஆம் வசனம். பேராயர்கள் உயர்ந்த குல்லா அணிந்துதான் பவனி வருகிறார்கள். ஆண் முடி வளர்ப்பது அவனுக்கு இழிவு என்கிறது 14ஆம் வசனம். நம் வீட்டுக் காலண்டர்களில் இயேசுவுக்குத் தோள்வரை முடி.

அப்படியானால் முக்காட்டை எடுத்துவிட்டால் போதுமா? கத்தோலிக்கத் திருச்சபையைப் பாருங்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பெண்கள் தலையை மூட வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விதி இல்லை. இடையில், 1976ஆம் ஆண்டு தேதியிட்ட வத்திக்கான் அறிக்கை ஒன்று, தலையை மூடுவது அக்காலத்து வழக்கம், இன்று கட்டாயமில்லை என்று சொன்னது. அந்த அறிக்கை எழுதப்பட்டதே பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை என்று சொல்வதற்காகத்தான். துணியை விட்டுக்கொடுத்தார்கள், பீடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

முக்காட்டை விரும்பிப் போடும் பெண்களைப் பின்தங்கியவர்கள் என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயமும் தோள்சீலையும் அணிந்ததற்காகத் தாக்கப்பட்டார்கள், அவை கிழித்தெறியப்பட்டன. மார்பை மூடும் உரிமையை 1859இல் அரசாணை ஏற்றது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த மரபில் வந்த பெண்ணுக்கு உடம்பை மூடும் துணி கௌரவத்தின் நினைவாகவும் இருக்கலாம். ஆனால் தோள்சீலை அவர்கள் கேட்டுப் போராடிப் பெற்றது. முக்காடு சாடை காட்டிப் போடச் சொல்வது.

ஆகவே என் நிலைப்பாடு இது: போட விரும்புகிறவள் போடட்டும், விரும்பாதவளை யாரும் திருப்பி அனுப்ப வேண்டாம். அடுத்த முறை யாராவது 11ஆம் அதிகாரத்தைக் காட்டினால் 10ஆம் வசனத்தை மூலத்தின்படி வாசித்துக் காட்டுங்கள். 5ஆம் வசனத்தையும் வாசித்து, இந்தச் சபையில் பெண்கள் எப்போது பிரசங்கம் செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள்.