கதவும் சல்லடையும்

துணிக்கைகளின் சுவட்டை வாயுவிற் பதியும் கருவிகளுக்கு அயன்களின் பின்னோட்டம் பேரிடராகும். இலத்திரன்கள் பெருக்கப்படுமிடத்துத் தோன்றும் நேரயன்கள், மெல்லப் பின்சென்று மின்புலத்தைத் திரிக்கும். சேர்ண் ஆய்வுகூடத்து அலிஸ் கருவியில் முன்பிருந்த கம்பிக்கதவு அவற்றை ஏறத்தாழ முற்றாகத் தடுத்தது. ஆயின், அது மூடியிருந்தபோது நிகழ்ந்த மோதல்கள் பதிவாகாதொழிந்தன. செக்கனுக்கு 50,000 ஈயக்கரு மோதல்களை ஆராய விழைந்தோர்க்கு இது பெருங்குறையே.

ஆதலின், 1997இல் சவுலி அறிமுகஞ்செய்த நுண்டுளை மென்றகடுகள் நான்கடுக்காகப் பொருத்தப்பட்டன. 2022 தொடக்கம் பதிவு இடையறாது நிகழ்கின்றது. பின்னோட்டமோ நூற்றுக்கு ஒன்றளவே.

எனினும், இதனை முழுவெற்றியெனல் பொருந்தாது. எஞ்சிய அயன்களும் சுவடுகளைச் சதமமீற்றரளவிற் பிறழ்விக்கின்றன. கணிப்பே அதனைத் திருத்துகின்றது. பின்னோட்டத்தை மேலும் ஒடுக்கின் சத்தியை அளக்கும் நுட்பங் கெடும். திருத்தவியலும் குறையை ஏற்று, மீட்கவியலா இழப்பைத் தவிர்த்தமையே இவ்வமைப்பின் உண்மைச் சிறப்பாகும்.