சொல்லுக்குத் தீர்ப்பு, ஆளுக்குத் தீர்ப்பு

குறிகட்டுவான் இறங்குதுறையில் பின்னேரம் மூன்றரை மணி வெயில் கடலில் பட்டுக் கண்ணைக் குத்தும். நயினாதீவால் திரும்பிய வள்ளத்திலிருந்து, நாகதீப விகாரைக்குப் போய்வந்த வெள்ளையுடைச் சிங்களப் பெண்களும் நாகபூசணி அம்மன் கோயில் பிரசாதப் பைகளோடு யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் இறங்கினார்கள். அவர்களோடு காத்தான்குடியிலிருந்து சுற்றுலா வந்த ஆண்களும் பிள்ளைகளும். வானிலிருந்து பாயை எடுத்து நிழலில் விரித்தார்கள். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவேண்டும். மூத்தவர் ஒருவர் முன்னால் நின்றார். மற்றவர்கள் பின்னால் வரிசை கட்டினார்கள். நானும் வரிசையின் ஓரத்தில் சேர்ந்துகொண்டேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டும் சேராமல், இடப்பக்கம் நாலு எட்டுத் தள்ளித் தன் சால்வையை விரித்தார். வாருங்கள் என்று கையைக் காட்டினேன். "இல்ல காக்கா, அவருக்குப் பின்னால நான் தொழ மாட்டன். அவர் அந்தப் பள்ளி ஆள்" என்றார். முன்னால் நின்றவர் அவருடைய உம்மாவின் உடன்பிறந்த தம்பி என்று பிறகு தெரிந்தது.

காலையிலிருந்து ஒரே வானில் வந்தவர்கள். ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்றவர்கள். அந்த நாலு எட்டு இடைவெளியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த இடைவெளியை அந்த இளைஞர் உண்டாக்கவில்லை. அது ஒரு பழைய தீர்ப்பில் தொடங்குகிறது. 1979 இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சபை, காத்தான்குடி அப்துர் ரஊப் மௌலவியின் பிரசங்கங்களை ஆராய்ந்து பத்வா வழங்கியது. 'எல்லாம் அவனே' என்பது அவர் போதனையின் சாரம். இருப்பவை யாவும் இறைவனின் உள்ளமையின் வெளிப்பாடே. அவனன்றி வேறோர் உள்ளமை இல்லை. அரபியில் வஹ்ததுல் வுஜூத் எனப்படும் இந்தக் கோட்பாடு, படைத்தவனுக்கும் படைப்புக்கும் இடையிலான வரம்பை அழிக்கிறது. ஆகவே இதைச் சொல்பவர் மார்க்கத்தைவிட்டு வெளியேறியவர், முர்தத், என்பது உலமாக்களின் தீர்ப்பு. 1989 இல் 'பயில்வான்' என்று ஊரறிந்த அப்துல்லாஹ்மீதும், அவருடைய தரீக்கத்துல் முப்லிஹீன் அமைப்பு தொடர்பாகவும் இதேபோன்ற தீர்ப்பு வந்தது.

இப்படியொரு தீர்ப்பே கூடாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மார்க்கம் என்று ஒன்று இருந்தால் அதற்கு எல்லையும் இருக்கவேண்டும். அல்லாஹ் ஒருவன், முஹம்மத் நபி (ஸல்) இறுதித் தூதர், மறுமை உண்டு, ஐவேளைத் தொழுகை கடமை. இவற்றை மறுத்துவிட்டு நானும் முஸ்லிம்தான் என்று ஒருவர் சொன்னால், முஸ்லிம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்? பாமரர் முதல் பண்டிதர் வரை எல்லோருக்கும் ஐயமின்றித் தெரிந்த இந்த அடிப்படைகளை இறையியலாளர்கள் ஒரு வட்டத்துக்குள் வைத்தார்கள். அந்த வட்டத்துக்குள் இருப்பதை அறிந்தே மறுப்பது குப்ர். வட்டத்துக்கு வெளியே உள்ள வேறுபாடு பிழையாகலாம், பித்அத் ஆகலாம். அதற்காக ஆளை வெளியே தள்ள முடியாது. இந்தப் பிரிப்பு இஸ்லாமியச் சிந்தனையின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். அது ஏட்டில் பிறந்ததல்ல, இரத்தத்தில் பிறந்தது.

657 இல் ஸிப்பீன் போருக்குப் பிறகு, மத்தியஸ்தத்தை ஏற்றதற்காகக் கலீபா அலீ (ரழி) அவர்களையே காபிர் என்றார்கள் கவாரிஜ்கள். பெரும்பாவம் செய்தவன் ஈமானை இழந்தவன் என்பது அவர்கள் கொள்கை. அவர்களில் ஒருவன்தான் 661 இல் அலீ அவர்களைக் கொன்றான். இரவெல்லாம் தொழுது நெற்றியில் தழும்பேறியவர்கள் என்று வரலாறு சொல்லும் கூட்டம் அது. பாவி பாவிதான், காபிர் ஆகமாட்டான் என்று பின்வந்த சுன்னத் ஜமாஅத் அகீதா திரும்பத் திரும்பச் சொன்னது அந்தக் காயத்தால். பத்தாம் நூற்றாண்டின் இமாம் அஷ்அரி, தமக்குப் பிடிக்காத பிரிவுகளையும் சேர்த்துத் தொகுத்து எழுதிய நூலுக்கு 'இஸ்லாமியரின் கூற்றுகள்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். வழிதவறியவர்கள் என்று தாம் கருதியவர்களையும் அந்தத் தலைப்புக்குள்ளேயே இருத்தினார்.

இந்த வரிசையில் இமாம் கஸ்ஸாலியிடம் கொஞ்சம் நின்று போகவேண்டும். தம் எழுத்தையே குப்ர் என்று சிலர் பேசத் தொடங்கியபோது அவர் 'பைஸலுத் தப்ரிகா' என்ற சிறுநூலை எழுதினார். ஒரு மத்ஹபின் கொள்கையிலிருந்து விலகுவதே குப்ர் என்பவரிடம் அவர் கேட்கும் கேள்வி கூர்மையானது: அஷ்அரியின் வழிவந்த பாகில்லானி, இறைவனின் பண்பு ஒன்றில் அஷ்அரியோடு மாறுபட்டாரே, இருவரில் யார் காபிர்? ஒருவர் வேதவசனத்தை நேர்ப்பொருளில் கொள்ளாமல் வேறு பொருள் கொண்டால் அது நபியைப் பொய்யராக்குவதாகாது என்று காட்ட, ஒரு பொருள் 'இருக்கிறது' என்று சொல்வதில் உள்ள ஐந்து தரங்களை வகுத்தார். ஐந்தில் ஏதேனும் ஒரு தரத்தில் வசனத்தை ஏற்பவர் அதை மறுத்தவராகார். தூதுச் செய்தி சரியாகப் போய்ச்சேராத தூரதேசத்துக் கிறிஸ்தவருக்கும் துருக்கியருக்கும்கூட இறைவனின் கருணையில் இடமிருக்கும் என்று அதே நூலில் வாதிட்டார்.

ஆனால் இதே கஸ்ஸாலிதான், உலகம் அநாதியானது, இறைவன் தனித்தனி விடயங்களை அறிவதில்லை, உடல்கள் மீண்டும் எழுப்பப்படா என்ற மூன்று கூற்றுகளுக்காகத் தத்துவவாதிகளைக் காபிர் என்றவர். அவர்களின் மற்றப் பதினேழு பிழைகளை அந்தத் தரத்தில் வைக்கவில்லை. இருபதில் மூன்று. எண்ணிப் பிரித்த அந்தக் கணக்கில் தீர்ப்பின் பலமும் இருக்கிறது, பழுதும் இருக்கிறது. எந்த மூன்று என்பதை அவர்தான் முடிவுசெய்தார்.

இன்னொரு தடுப்பும் உண்டு. எனக்கு அது இதைவிடப் பெரிது. 833 இல் அப்பாஸியக் கலீபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை ஏற்கும்படி அறிஞர்களை விசாரணைக்கு இழுத்தார். மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அடுத்த கலீபாவின் காலத்தில் கசையடி பட்டார். அந்தக் கொள்கை குப்ர் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனாலும் தம்மை அடித்த கலீபாவை மன்னித்தார். இதை ஆதாரமாகக் காட்டி இப்னு தைமிய்யா எழுதியது: ஒரு கூற்று குப்ராக இருக்கலாம், அதைச் சொன்ன குறித்த ஆள் காபிர் என்பதற்கு அது போதாது. அவர் அறியாமல் சொல்லியிருக்கலாம், வசனத்துக்கு வேறு பொருள் கொண்டிருக்கலாம், நிர்ப்பந்தத்தில் சொல்லியிருக்கலாம். ஆதாரம் அவரிடம் போய்ச் சேர்ந்து விளங்கவேண்டும். இன்று கடும்போக்கினர் அதிகம் மேற்கோள் காட்டுபவர் இப்னு தைமிய்யா. சிலருக்கு எதிராக அவர் வழங்கிய பத்வாக்கள் கடுமையானவைதான். ஆனால் சொல்லையும் ஆளையும் பிரித்த இந்தப் பாடம் அவரிடமிருந்து அதிகம் படிக்கப்படுவதில்லை.

வேதமும் நபிவழியும் இந்தப் பக்கமே சாய்ந்து நிற்கின்றன. உங்களுக்கு ஸலாம் சொன்னவரைப் பார்த்து நீ விசுவாசி இல்லை என்று சொல்லாதீர்கள் என்பது குர்ஆனின் நான்காம் அத்தியாயம் தரும் கட்டளை. வாளுக்குப் பயந்து கலிமாச் சொன்னான் என்று ஒருவனை வெட்டிவிட்டு வந்த உஸாமாவிடம், அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா என்று நபிகளார் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இவ்வளவு தடுப்புகள் இருந்தும் அந்த நாலு எட்டு இடைவெளி எப்படி வந்தது?

வட்டத்தின் கோட்டை யார் கீறுவது என்பது முதல் சிக்கல். ஐயமின்றி எல்லோருக்கும் தெரிந்தது எது என்பதிலேயே ஐயம் வரும்போது தீர்ப்பு ஆட்டம் காண்கிறது. அஹ்மதிகளுக்கு எதிரான 1953 லாகூர்க் கலவரத்தை விசாரித்த முனீர் ஆணைக்குழு, முஸ்லிம் என்பவர் யார் என்று பெரும் உலமாக்களிடம் வரைவிலக்கணம் கேட்டது. 1954 இல் வெளிவந்த அறிக்கை, இரண்டு பேரின் விடைகூட ஒத்துப்போகவில்லை என்று பதிவுசெய்தது. அதற்கு இருபது ஆண்டுக்குப் பின், 1974 இல், பாகிஸ்தான் பாராளுமன்றம் வாக்கெடுத்து அஹ்மதிகளை முஸ்லிம் அல்லாதோர் ஆக்கியது. நபித்துவத்தின் முத்திரை பற்றிய அஹ்மதிக் கொள்கையை நான் ஏற்கவில்லை. அது வட்டத்துக்குள் கைவைக்கிறது என்றே கருதுகிறேன். ஆனாலும் ஓர் ஆளின் ஈமானைக் கைதூக்கி எண்ணித் தீர்மானிக்கும் அதிகாரத்தை எந்த அகீதா நூல் ஒரு சபைக்குக் கொடுத்தது? எங்கள் பக்கத்தில் அதற்கும் முன்னே, 1922 இல், மலபாரிலிருந்து போன வழக்கொன்றில் சென்னை உயர்நீதிமன்றம் எதிர்ப்பக்கம் தீர்த்தது. கணவன் அஹ்மதி ஆனதால் நிக்காஹ் முறிந்தது என்று மனைவி வேறு மணம் முடித்திருந்தாள். அஹ்மதிகள் இஸ்லாத்துக்குள் ஒரு பிரிவினரே, ஆகவே நிக்காஹ் முறியவில்லை என்றது நீதிமன்றம். ஒரு வீட்டின் நிக்காஹ், பிள்ளை, சொத்து எல்லாம் இந்த ஒரு சொல்லில் தொங்கின.

இரண்டாவது சிக்கல் ஆழமானது. தடுப்புகள் யாவும் ஏட்டில் இருக்கின்றன. அவற்றைப் பிரயோகிக்க ஓர் அமைப்பு இல்லை. பத்வாவுக்கு மேன்முறையீடு கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட ஆளில்லை. இருக்கும் ஒரே கதவு தௌபா. நீங்கள் சொல்லும் பொருளில் நான் சொல்லவேயில்லை என்பவர், தாம் கொள்ளாத கொள்கையிலிருந்து எப்படித் தௌபா செய்வார்? செய்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். செய்யாவிட்டால் பிடிவாதத்தின் சாட்சியாகும்.

மேலும், 'எல்லாம் அவனே' காத்தான்குடியில் முளைத்த சொல்லா? இப்னு அரபியின் வழியில் வந்து, தக்கலை பீர் முஹம்மது அப்பாவின் ஞானப்பாடல்களிலும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களிலும் ஊறி, தமிழ் முஸ்லிம்களின் வாயில் பல தலைமுறையாக வாழ்ந்த உணர்வு அது. கந்தூரி இரவுகளில் அந்தப் பாடல்களைக் கேட்டு அழுதவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். மேடையில் விளக்கமாகச் சொல்லும்போது அது ஆபத்தாகலாம், பாமரர் தவறாகப் பிடித்துக்கொள்ளலாம் என்ற உலமாக்களின் கவலை நியாயமானது. அந்தக் கவலைக்கு விடை, கருத்துக்கு மறுப்பு எழுதுவது. அந்தப் பாடல்களைப் பாடிவிட்டுக் கப்ருகளில் கிடப்பவர்களுக்குக் கொடுத்த ஐயத்தின் பலனை உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்க மறுத்ததில்தான் முறை பிசகியது. அதே தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை 2007 இல் ஜமாஅத் ஊர்விலக்கம் செய்தபோதும் இதையே நினைத்தேன்.

மூன்றாவது, தீர்ப்பு தெருவுக்கு இறங்குகிறது. முர்தத் என்ற சொல்லுக்குப் பழைய பிக்ஹு நூல்களில் மரண தண்டனை எழுதியிருக்கிறது. இலங்கைச் சட்டத்தில் அப்படியொரு குற்றமே இல்லை. தண்டனை நடுவில் அநாதையாக நிற்க, அதை எடுத்து நிறைவேற்ற யாராவது ஒருவன் வருவான். 2004 இல் காத்தான்குடியில் வீடுகள் தாக்கப்பட்டன. 2006 டிசம்பரில் பயில்வான் மௌத்தானபோது, அவருடைய ஜனாஸாவை அந்த மண்ணில் வைத்திருக்கக் கூடாது, தோண்டி எடு என்று ஊர் ஹர்த்தாலில் எழுந்தது.

மரணப்படுக்கையில் கிடப்பவரின் உதட்டைப் பஞ்சால் நனைத்து, காதோடு குனிந்து கலிமாவைச் சொல்லிக்கொடுப்போம். என் வாப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். உதடு அசைந்ததா இல்லையா என்றுகூடத் திடமாகச் சொல்ல முடியவில்லை. மௌலவி என் தோளைத் தொட்டு, அசைந்தது என்றார். அந்த நேரத்தில் எங்கள் மார்க்கம் மனிதனை நம்பும் விதம் அது. அதே மார்க்கத்தின் பெயரால், மூடிய கப்ரைத் திறக்கச் சொல்லிக் கூட்டம் கூடியது.

2017 மார்ச் 10 அன்று காத்தான்குடி அலியார் சந்தியில் ரஊப் மௌலவியின் ஆதரவாளர்களோடு மோதியது ஸஹ்ரானின் தேசிய தௌஹீத் ஜமாஅத். அதன்பின் தலைமறைவான ஸஹ்ரான் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகளோடு என்ன செய்தான் என்பதை உலகம் அறியும். ஜம்இய்யத்துல் உலமாவையும் அவனையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். 1979 பத்வாவிலிருந்து உயிர்த்த ஞாயிறுக்கு நேர்கோடு இழுப்பதும் பொய். ஆனால் ஓர் ஊர், தன்னுள்ளே காபிரைத் தேடும் பழக்கத்தை நாற்பது ஆண்டு பழகியிருந்தது. அந்தப் பழக்கம் கடும்போக்கனுக்கு உழுத நிலமாகக் கிடைத்தது.

குண்டுதாரிகளின் உடல்களை அடக்கம் செய்ய ஏற்கமாட்டோம் என்று உலமா சபை அப்போது அறிவித்தது. அந்த வேதனையை நானும் பகிர்ந்தேன். ஆயினும் அது கண்டனத்தின் மொழியாகவே நிற்கவேண்டும். கொலைகாரன் பெரும்பாவி. ஆனால் பாவத்தால் அவன் காபிர் ஆனான் என்று சொல்லத் தொடங்கினால் கவாரிஜ்களின் வாசலிலேயே போய் நிற்போம்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய எங்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அங்கே தரீக்காக்காரர் இருந்தார், தப்லீக்காரர் இருந்தார், தௌஹீத் பேசியவர் இருந்தார், ஜும்ஆவுக்குக்கூட வராதவரும் இருந்தார். எவரிடமும் அகீதா கேட்கப்படவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டபோதும் கேட்கப்படவில்லை. வெளியேற்றம் என்றால் என்னவென்று தோலால் அறிந்த சமூகம் நாங்கள். அதனால்தான் கேட்கிறேன்: உலமா சபை கூற்றுகளை ஆராயட்டும், பிழையென்றால் ஆதாரத்தோடு பிழை என்று எழுதட்டும், மக்களை எச்சரிக்கட்டும். ஆளின் பெயரைப் போட்டு முர்தத் என்று எழுதிய தாள்களை மீள எடுத்து, இப்னு தைமிய்யா வைத்த நிபந்தனைகளின்படி ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கட்டும்.

இறங்குதுறையில் நாங்கள் தொழுது முடித்து இருந்தோம். தனியே நின்றவர் கடைசி அத்தஹிய்யாத்தில் இருந்தார். நயினாதீவுக்கான அடுத்த வள்ளத்துக்கு ஆட்களைக் கூப்பிடும் குரல் கேட்டது. அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பினார். அங்கே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார் அவருடைய மாமா. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் அந்த இளைஞர்.