எந்த உணவுக்கு ஃபுட் கிரேடு?

காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பத்து லிட்டர் டப்பாவில் பழச்சாறு புளிக்க வைக்கிறாராம். அடிக்கடி திறந்தால் கெட்டுப்போகிறது. அதனால் கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்கில் மூடி போடலாமென்று உத்தேசம். எந்த பிளாஸ்டிக்? கடைக்காரரைக் கேட்டால், 'எல்லாமே ஃபுட் கிரேடுதான் சார்' என்கிறாராம்.

பழச்சாறு என்பதை நம்பிவிடுவோம். ஏனென்றால் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்ததே அவர் ஊர்ப்பக்கம்தான். 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி அதைச் சேலம் ஜில்லாவில் ஆரம்பித்து வைத்தார். தர்மபுரி அப்போது சேலத்தோடு இருந்தது. தனி மாவட்டமானது 1965-ல். அந்தச் சட்டம் ஏகப்பட்ட திருத்தங்களோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. டாஸ்மாக்கில் வரிசையில் நின்று வாங்கலாம், வீட்டில் லைசென்ஸ் இல்லாமல் வடித்தால் குற்றம். இந்த விசித்திரத்தை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம். இட்லி மாவு, கம்பங்கூழ், ஊறுகாய் என்று புளிப்பதும் ஊறுவதும் எல்லார் வீட்டிலும் உண்டு. மூடி விவகாரம் எல்லாருக்கும் பொது.

என் சண்டை 'ஃபுட் கிரேடு' என்ற அந்த வார்த்தையோடுதான். எந்த உணவுக்கு கிரேடு? தண்ணீருக்கா, எண்ணெய்க்கா, புளித்த சாற்றுக்கா? பிளாஸ்டிக்கைச் சோதிக்கிற இந்தியத் தரமுறையே இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. சும்மா தண்ணீரில் ஊறவைத்து ஒரு சோதனை. 3 சதவிகித அசெட்டிக் அமிலத்தில் ஒன்று. ஆல்கஹால் கலந்த நீரில் ஒன்று. எண்ணெய்க்குப் பதிலாக ஹெப்டேனில் ஒன்று. ஒன்றில் தேறியது இன்னொன்றில் தேறவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் கடைக்கு வரும்போது இத்தனையும் உதிர்ந்துபோய் இரண்டே வார்த்தை மிஞ்சுகிறது. மாவடுவுக்கும் அதே ஸ்டிக்கர், மிக்ஸருக்கும் அதே ஸ்டிக்கர்.

அடுத்த ஏமாற்று, டப்பாவின் அடியில் இருக்கும் முக்கோண நம்பர். 5 என்றால் நல்லது, 7 என்றால் விஷம் என்று வாட்ஸப்பில் பாடம் நடக்கிறது. அந்த நம்பர்கள் 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்காரர்கள் குப்பையைத் தரம் பிரிக்கக் கொண்டுவந்தவை. என்ன ஜாதி பிளாஸ்டிக் என்று சொல்லுமே தவிர, அதில் சோறு வைக்கலாமா என்று சொல்லாது. 7 என்பதற்கு 'இதர' என்று அர்த்தம். பாலிகார்பனேட்டும் அதில்தான், சோளத்திலிருந்து செய்கிற பிளாஸ்டிக்கும் அதில்தான்.

சரி, மூடிக்கு வருவோம். தெளிவு என்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அக்ரிலிக். பெயர்ப்பலகைக் கடையில் கேட்ட அளவுக்கு வட்டமாக வெட்டித் தருவார்கள். அழகாக இருக்கும். ஆனால் போர்டுக்குச் செய்த ஷீட்டை யாரும் அமிலத்தில் ஊறவைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். போதாததற்கு ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும். முதலில் டிரில் போட்ட ஓட்டையைச் சுற்றித்தான்.

பாலிகார்பனேட் சுத்தியலுக்கும் அசராது, கொதிநீர் தாங்கும். தொல்லை, அதன் மூலப்பொருளான பிஸ்பினால்-ஏ. சூடும் காரமான சோப்பும் பட்டால் கொஞ்சம் கசியும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஒருநாளைக்கு இவ்வளவு உள்ளே போகலாம் என்று வைத்திருந்த அளவை 2023-ல் 20,000 மடங்கு குறைத்தது. 20 மடங்கு அல்ல, 20,000. அப்படியானால் அதுவரை சொன்ன 'பாதுகாப்பான அளவு' எதற்குப் பாதுகாப்பு? 2024 டிசம்பரில் ஐரோப்பாவில் உணவு படுகிற பொருள்களில் அதற்குத் தடையே போட்டுவிட்டார்கள், சில விலக்குகளும் அவகாசமும் கொடுத்து. வாசகரின் மூடியில் சாறு நேராகப் படாது, ஆவிதான் படும். உடனே ஆபத்து என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் வேறு வழி இருக்கும்போது இது எதற்கு?

பெட் தெளிவானது, காற்றையும் அவ்வளவாக உள்ளே விடாது. புளிக்கிற சரக்குக்கு இது பெரிய நன்மை, ஏனென்றால் காற்று புகுந்தால் அசெட்டிக் பாக்டீரியா குடியேறி வினிகராக்கிவிடும். ஆனால் சாதாரண பெட்டை வெந்நீரில் கழுவினீர்களோ, சுருங்கிக் கோணிக்கொள்ளும். பாலிஸ்டைரீன் வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஆகாது, கீழே போட்டால் சில்லு.

மிஞ்சுவது பாலிப்ரோப்பிலீன், அதாவது 5. அமிலம், உப்பு, வெந்நீர் எல்லாம் தாங்கும். குறை இரண்டு. பெட்டைவிடக் காற்றை அதிகம் விடும். கண்ணாடி மாதிரி தெளிவு வராது, பனி படர்ந்தாற்போல் இருக்கும். மூடிக்கு அந்தத் தெளிவு போதும் என்பது என் கட்சி. எப்படியும் இரண்டாம் நாள் உள்பக்கம் வியர்த்து, வைரத்தில் மூடி செய்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. உணவுக்கென்று பெயர், விலாசத்தோடு விற்கிற கம்பெனி டப்பாவாக வாங்குங்கள். எடைக்குப் போடுகிற கலர் டப்பா போன ஜென்மத்தில் என்னவாக இருந்ததோ!

ஒரு முக்கியமான விஷயம் அவர் கேட்கவே இல்லை. ஒரு கிலோ சர்க்கரை முழுசாகப் புளித்தால் கிட்டத்தட்ட 270 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு வரும். பத்து லிட்டர் டப்பாவை இறுக்கி மூடினால் எந்த பிளாஸ்டிக்காக இருந்தாலும் பீரங்கிதான். மூடியில் ஒரு துளை போட்டு, ரப்பர் வளையம் வைத்து மெல்லிய குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர் டம்ளரில் விடுங்கள். வாயு வெளியே வரும், காற்று உள்ளே போகாது. தவிர, டம்ளரில் குமிழி வருகிறவரை உள்ளே வேலை நடக்கிறது. எட்டிப் பார்ப்பதற்காகத் தெளிவான மூடி என்கிற தேவையே பாதி போயிற்று. ஜாடிக்கு வேடு கட்டிய பாட்டி எட்டிப் பார்த்ததில்லை.

வீட்டில் ஏற்கெனவே நம்பர் இல்லாத மூடி கிடந்தால், ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரோப்பிலீன் அல்லது அதன் பங்காளி பாலி எத்திலீன். மற்ற நாலும் மூழ்கும். மூழ்கியதை வளைத்துப் பாருங்கள். பட்டென்று முறிந்தால் அக்ரிலிக்கோ பாலிஸ்டைரீனோ. எவ்வளவு வளைத்தாலும் முறியாமல் முறைத்தால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். அதைப் பேனா ஸ்டாண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.