வீட்டுக்காரி மட்டுமா குற்றவாளி?

சென்னையில் ஜாகை தேடி அலைந்தவர்களுக்குச் செழியனின் ‘டு லெட்’ படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2007ஆம் வருஷத்துக் கதை. சினிமாவில் முன்னுக்கு வர முயலும் இளங்கோ, மனைவி அமுதா, ஒரு சின்னப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனிச் சம்பளக்காரர்கள் வந்த பிறகு ஊரில் வாடகை ஏறிவிட்டது. ஒரு மாதத்தில் காலி செய்யும்படி வீட்டுக்காரி சொல்லிவிடுகிறாள். வீடு பார்க்கப் போகிற இடமெல்லாம் ஜாதி என்ன, தொழில் என்ன என்று விசாரணை. தேசிய விருது பெற்று 2019இல் திரைக்கு வந்தது. நல்ல படம்தான். ஆனாலும் ஒரு குறை என் மனசை உறுத்துகிறது.

அதைச் சொல்ல, 1988இல் வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் குடித்தனத்தைக் காலி செய்ய வேண்டி வருகிறது. ஆனால் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் சுதா சொந்த வீடே கட்டத் துணிகிறாள். வளசரவாக்கத்தில் இரண்டு மனை. ஒன்றை விற்று மற்றதில் கட்டலாம் என்று கணக்கு. காண்ட்ராக்டர் சிமெண்டைத் திருடுகிறான். கடைசியில், அந்த மனையே தண்ணீர்த் துறை எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரிய வருகிறது. அங்கே நாம் கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. தவிர, சுதா தோற்றாலும் அவளுடைய ஆசை அசட்டு ஆசையல்ல. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட வளசரவாக்கத்தில், இன்று ஒரு குமாஸ்தா தன் சம்பளத்தை நம்பி மனை பேசப் போக முடியுமா?

இளங்கோவின் போராட்டம் சொந்த வீட்டுக்கு அல்ல. அடுத்த மாதம் தலை சாய்க்க ஓர் இடத்துக்கு. அவனை யாரும் ஏமாற்றவில்லை. விலைவாசியே அவனை வெளியே தள்ளுகிறது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. கூடுதல் வாடகை கிடைக்கும் என்பது அந்தச் சட்டப்படி ஒருவரைக் காலி செய்ய வைக்கும் காரணமே அல்ல. இருந்தும் இளங்கோ கோர்ட்டுக்குப் போகவில்லை. எப்படிப் போவான்? வழக்குப் போட்டவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அந்தச் சட்டமும் 2019இல் போயிற்று. இப்போது இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்வதுதான் வாடகை. பேரம் பேசும் சக்தி யாரிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமா?

இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு, செழியன் வீட்டுக்காரியைக் கடுகடுப்பே உருவானவளாகப் படைத்துவிட்டார். படம் பார்ப்பவர் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிவிடலாம். அவள் நல்ல மனுஷியாக இருந்து, காபி கொடுத்து, “என்னம்மா செய்யறது, வர்றவங்க ரெண்டு மடங்கு தர்றேங்கறாங்க” என்று தழைந்த குரலில் சொல்லியிருந்தால்? அப்போதும் அந்தக் குடும்பம் தெருவுக்குத்தான் வந்திருக்கும். ஆனால் பார்ப்பவருக்குத் திட்ட ஆள் அகப்பட்டிருக்காது. மாடியை வாடகைக்கு விட்டிருப்பவராக இருந்தால், அன்றிரவு அவருக்குத் தூக்கம் வந்திராது. அந்தத் தூக்கத்தைக் கெடுப்பதுதான் கலைஞனின் வேலை என்று நினைக்கிறேன்.