கனவைத் தடுக்கும் மாத்திரை

கென்ய இயக்குநர் வனூரி கஹியுவின் ‘பும்ஸி’ (2009) குறும்படத்தில், தண்ணீருக்காக மூண்ட மூன்றாம் உலகப் போர் முடிந்து 35 ஆண்டுகள் ஆகிவிட்டன. வெளியே உயிரே இல்லை என்று சொல்லி மக்களை மூடிய குடியிருப்புக்குள் வைத்திருக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகின்றன. உடற்பயிற்சி இயந்திரங்களில் மனிதர்கள் உழைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் ஆஷாவின் கனவில் ஒரு மரம் வருகிறது. கணினி அதைக் கண்டுபிடித்து, கனவை அடக்கும் மாத்திரையை விழுங்கச் சொல்கிறது.

இந்த இடத்தில்தான் படம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. துக்கத்திலிருந்து தொழில்நுட்பத்துக்குள் தப்பி ஓடும் கதைகளை நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே மறதியை வழங்குவது அதிகாரம். இயந்திரம் அதன் ஏவலாள். செத்துப்போன மண்ணுக்காகத் துக்கப்படுவதற்கே ஆஷா தப்பித்து ஓட வேண்டியிருக்கிறது. பாலைவெளியில் ஒரு விதையை ஊன்றி, கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் அதற்கே ஊற்றி, தன் உடம்பையே அதற்கு நிழலாக்குகிறாள். சுமார் 20 நிமிடத்தில் இவ்வளவையும் சொல்லிவிடுகிறார் கஹியு.

துக்கத்தைத் தொடும் வேறு ஆப்பிரிக்கக் குறும்படங்களும் உண்டு. நைரோபியின் நெஸ்ட் குழுவினர் எடுத்த ‘டு கேட்ச் எ ட்ரீம்’ (2015) கணவனை இழந்தவளின் கொடுங்கனவுகளைப் பற்றியது. அவள் தேடிப் போகும் மருந்து பழங்கதையிலிருந்து வருகிறது. ஆடை வடிவமைப்பைக் காட்டவும் எடுக்கப்பட்ட படம் என்பதால், உடைகளின் பகட்டு சில இடங்களில் அவள் வலியை மறைத்துவிடுகிறது.

நுவோதமா போடோமோவின் ‘ஆஃப்ரோநாட்ஸ்’ (2014) ஜாம்பியாவில் நிகழ்கிறது. 1960களில் எட்வர்ட் மகூகா ந்கோலோசோ நிலவுக்கு ஆளனுப்பப் போவதாக அறிவித்து, வீரர்களை எண்ணெய்ப் பீப்பாயில் அடைத்து மலைச்சரிவில் உருட்டிப் பயிற்சி தந்தார். உலகப் பத்திரிகைகள் சிரித்தன. போடோமோ சிரிக்கவில்லை. ஏவப்படப்போகும் 17 வயதுப் பெண்ணின் முகத்தையே கறுப்பு வெள்ளையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். பறத்தலும் சாவும் அந்த முகத்தில் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

பலோஜியின் ‘ஸாம்பீஸ்’ (2019) காங்கோவின் கின்ஷாசா நகரத்துக் கைப்பேசி மோகத்தைச் சுமார் 15 நிமிட இசையாகச் சுழற்றுகிறது. வண்ணத்தில் அசாத்தியமான படம்; துக்கத்தை மட்டும் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. ‘கிஸாஸி மோட்டோ’ (2023) அனிமேஷன் தொகுப்பில் ஷோஃபெலா கோக்கர் இயக்கிய ‘மொரேமி’க்கும் இதே குறை உண்டு. மகனைப் பலிகொடுத்த யொரூபா அரசியின் தொன்மத்தை அவர் ஒரு விஞ்ஞானியின் கதையாக்குகிறார். அரக்கர்களின் துரத்தல் நடுவே தாயின் வேதனைக்கு மூச்சுவிட நேரமில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, எதிர்கால இயந்திரம் எதுவுமே இல்லாத ஒரு படம்: மாட்டி டியோப்பின் ‘அட்லாண்டிக்’ (2009). செனகலின் டக்காரில் இரவு நெருப்பைச் சுற்றி நண்பர்கள். படகில் ஐரோப்பாவுக்குக் கடல் கடக்க முயன்றதை அவர்களில் ஒருவனான செரீஞ் சொல்கிறான். எளிய டிஜிட்டல் வீடியோவில் முகங்கள் பாதி இருளில் கரைகின்றன. அவன் பேச்சும், அவனை இழந்தவர்களின் அழுகையும் காலவரிசை குலைந்து அடுத்தடுத்து வருகின்றன. உயிரோடிருப்பவன் பேசுகிறானா, இறந்தவனா என்று தெரிவதில்லை. இறந்தவரைப் பேசவைக்கக் கேமராவே போதும் என்று டியோப் நம்பியிருக்கிறார். பத்தாண்டுக்குப் பின் கிட்டத்தட்ட அதே பெயரில் அவர் எடுத்த முழுநீளப் படம் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றது. அதில் கடலில் மாண்ட இளைஞர்கள் பெண்களின் உடலில் ஏறித் திரும்பி வந்து, தங்களுக்குத் தராமல் விட்ட கூலியை முதலாளியிடம் கேட்கிறார்கள்.